வாய்க்கால் தொடங்கும் மலை: ஹோட்டன் சமவெளிக் காட்டுப் பாதையில் பொறுப்போடு நடப்போம்

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்களுக்கு மலையில் நடப்பது பற்றி ஒரு பாடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். வயலும் வளவும் கைக்கெட்டாமல் இருக்கும்போது மலையழகு பற்றிய பேச்சு எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் மூன்று காரணங்களுக்காக இதனை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது, நமது பிள்ளைகள் அங்கே போகிறார்கள். பாடசாலைச் சுற்றுலா, இளைஞர் கழகப் பயணம், மாதர் சங்கம் பஸ் பிடித்துப் போகும் நுவரெலியாப் பயணம் என்று எதை எடுத்தாலும் ஹோட்டன் சமவெளியின் பெயர் பட்டியலில் இருக்கிறது. இரண்டாவது, அந்த மலை நமது தொழிலோடு தொடர்புடையது. மகாவலி நீரில் நெல் விளைவிக்கும் கமக்காரருக்கு அது தூரத்து ஊர் அல்ல, அவர்களது வாய்க்கால் தொடங்கும் இடம். மூன்றாவது, நமது அனுபவம். ஆட்கள் இல்லாத ஊருக்குள் பிறர் எப்படி நடந்தார்கள், எதை விட்டுச் சென்றார்கள், எதை எடுத்துச் சென்றார்கள் என்பதைத் திரும்பிப் போய்ப் பார்த்தவர்கள் நம்மிடையே உண்டு. அந்த அனுபவம் உள்ளவர்களுக்குக் காட்டில் எப்படி நடக்கவேண்டும் என்பதை விளங்கிக்கொள்வது கடினமல்ல.

மலையும் பாதையும்

ஹோட்டன் சமவெளி நுவரெலியா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் அமைந்த ஒரு மேட்டுநிலம். சிங்கள மக்கள் இதனை மகா எலிய என்பர். 1831 முதல் 1837 வரை இலங்கையில் ஆங்கில ஆளுநராக இருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டன் என்பவரின் பெயரே இதற்கு இடப்பட்டது. பரப்பளவு ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவுதான். டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான சில இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படியும்.

இங்கே புல்வெளியும் காடும் மாறி மாறி வரும். காட்டு மரங்கள் வன்னியின் பாலையும் முதிரையும் போல உயர்ந்து வளர்வதில்லை. குளிராலும் காற்றாலும் குறுகி, முறுகி, கிளையெல்லாம் பாசி போர்த்து நிற்கும். இந்நிலம் 1969இல் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக்கப்பட்டு 1988இல் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைக்காடு ஆகியவற்றோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் இதனைப் பராமரிக்கிறது.

பார்க்க வருவோர் நடக்கும் சுற்றுப்பாதை ஏறத்தாழ 9½ கிலோமீற்றர் நீளமானது. ஆறுதலாக நடந்தால் மூன்று முதல் நான்கு மணித்தியாலம் எடுக்கும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரலாம். வழியில் சின்ன உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி ஆகிய மூன்றும் உள்ளன. உலக முடிவு என்ற இடத்தில் சமவெளி திடீரென முடிந்து, நிலம் ஏறத்தாழ 870 மீற்றர் கீழே இறங்கிவிடுகிறது. விடியற்காலையில் போனால் கீழேயுள்ள ஊர்களும் தேயிலைத் தோட்டங்களும் தெரியும். காலை 9, 10 மணிக்குப் பின்னர் பெரும்பாலும் மூடுபனி ஏறிவிடும். பின்னர் வெள்ளைத் திரையைத்தான் பார்த்துத் திரும்ப வேண்டும்.

மழையைப் பிடித்துவைக்கும் காடு

நமது குளங்களுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மழையிலிருந்து என்போம். அது சரி. ஆனால் மழை நின்ற பிறகும் ஆறு எப்படி ஓடுகிறது? மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடும் ஓர் இடம் மேலே இருப்பதால்தான் ஓடுகிறது. மலைக்காடு அந்த வேலையைச் செய்கிறது.

மூடுபனி மலைமேல் தவழும்போது அதிலுள்ள நுண்ணிய நீர்த்துளிகள் இலைகளிலும் கிளைகளைப் போர்த்திய பாசியிலும் படிகின்றன. படிந்தவை ஒன்றுசேர்ந்து சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுகின்றன. மழை பெய்யாத நாளிலும் காடு இவ்வாறு நீரைச் சேர்க்கிறது. கீழே உக்கிய இலைகளால் கறுத்துப் பஞ்சுபோல் கிடக்கும் மண் அந்த நீரை உறிஞ்சி வைத்து, ஊற்றுகளின் வழியே மெதுவாக விடுகிறது. காட்டை வெட்டினால் மழை குறையுமோ இல்லையோ, மூடுபனியைப் பிடிக்கும் கைகள் போய்விடும். நிலத்தின் பஞ்சும் கழுவுண்டு போய்விடும்.

இந்த உண்மை ஆங்கிலேயர் காலத்திலேயே உணரப்பட்டது. கோப்பித் தோட்டங்களுக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்ட அக்காலத்தில், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாமல் விடவேண்டும் என்று தாவரவியல் அறிஞர் சேர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை கூறினார். 1873இல் அவ்வாறே உத்தரவு பிறந்தது. ஹோட்டன் சமவெளிக் காடு இன்றும் நிற்பதற்கு அந்த உத்தரவும் ஒரு காரணம்.

இந்த ஒரு மேட்டிலிருந்து மூன்று பெரிய ஆறுகளுக்கு நீர் போகிறது. களனி கங்கைக்கு ஒரு பங்கு. கொழும்பு மாநகர் குடிக்கும் நீரில் பெரும்பகுதி அந்த ஆற்றுநீரே. பெலிகுல் ஓயா வழியாக வளவை கங்கைக்கு ஒரு பங்கு. அது தெற்கே உள்ள கமக்காரரின் வயல்களுக்குப் போகிறது. அக்ர ஓயா வழியாக இறங்கும் நீர் கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. கடலுக்கு முன்னர் அது கிளை பிரியும்போது வெருகல் ஆறாகிறது. அந்த வெருகல் நீரில்தான் அல்லை, மூதூர்ப் பகுதி வயல்கள் விளைகின்றன. 2006இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டபோது கீழேயுள்ள கமக்காரர் பட்ட பாட்டையும் அதன்பின் நேர்ந்த இடப்பெயர்வையும் மூதூர் மக்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மேலே ஒரு கை செய்வது கீழே எத்தனை அடுப்புகளைத் தொடும் என்பது அவர்கள் அறிந்த பாடம்.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து வந்தவர்கள், இரணைமடுவுக்கு மகாவலி வருவதில்லையே என்பார்கள். உண்மைதான். இரணைமடுவுக்குக் கனகராயன் ஆறு வருகிறது. அது வன்னிக் காட்டில் பெய்யும் மழையை நம்பியுள்ளது. ஆறு வேறானாலும் முறை ஒன்றே. குளத்துக்கு மேலே காடு இருக்கவேண்டும்.

ஆட்கள் இல்லாத இடம், உரியவர் இல்லாத இடம் அல்ல

நாம் ஊரைவிட்டு வந்த பின்னர் நமது வீடுகளுக்கு என்ன நடந்தது? கதவும் நிலையும் போயின. கூரை ஓடு போனது. கிணற்றுக்குள் குப்பை விழுந்தது. பயன்தரும் மரங்கள் வெட்டப்பட்டன. அவற்றைச் செய்தவர்களில் எல்லோரும் நம்மீது பகை கொண்டவர்கள் அல்லர். ஒருவரும் இல்லை, இது சும்மா கிடக்கிறது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அந்த நினைப்பே போதுமானதாக இருந்தது.

காட்டுக்குள் போகும் பலரும் அதே நினைப்போடுதான் போகிறார்கள். ஆனால் அங்கே குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். வெளிப்படையாகத் தெரிவது மரை. மாலையில் புல்வெளிக்கு மேய வரும். அதனை இரையாகக் கொள்ளும் சிறுத்தையும் உண்டு. மிகச் சிறியவை நம் கண்ணில் படுவதில்லை. இம்மலையின் ஓடைகளில் வாழும் ஒருவகைச் சிற்றிறால் உலகில் வேறெங்கும் இல்லை. மூக்கின்மேல் கொம்புள்ள ஓணான் ஒன்று இந்நாட்டின் மலைகளில் மட்டும் வாழ்வது. இம்மலைக்குரிய தேவாங்கு அழிந்துவிட்டது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2009இல்தான் முதன்முறையாக அதனைப் படம்பிடிக்க முடிந்தது.

திரும்பி வராதவையும் உண்டு. ஒரு காலத்தில் இங்கே யானைகள் இருந்தன. ஆங்கிலேயர் காலத்து வேட்டைக்காரர் சுட்டுத் தீர்த்தார்கள். பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சேர் சாமுவேல் பேக்கரும் அக்காலத்துப் பேர்பெற்ற வேட்டைக்காரரே. 1960களில் சமவெளியின் ஒரு பகுதி உழப்பட்டு உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. பின்னர் கைவிடப்பட்டது. கிழங்கு போனாலும் அந்த நிலம் பழைய நிலமாகத் திரும்பவில்லை. உழுத நிலம் பழைய காடாக மாற எத்தனை காலம் வேண்டும் என்பது, காடு வெட்டிக் கமம் செய்த நமது பெரியவர்களுக்குத் தெரியும்.

கால் செய்யும் வேலை

ஒருவர் நடப்பதால் மலைக்கு என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். வயலில் நாம் கண்டதை நினைத்துப் பார்ப்போம். மாடுகள் ஒரே வழியால் குளத்துக்குப் போய்வந்தால் அந்த வழி முதலில் மொட்டையாகும். பின் இறுகும். இறுகிய மண் நீரை உறிஞ்சாது. மாரி மழையில் அதன்மேல் நீர் ஓடும். ஓடும் நீர் மண்ணை அரிக்கும். சில ஆண்டுகளில் மாட்டுவழி ஒரு வாய்க்காலாகிவிடும்.

மலைப்பாதையிலும் இதுவே நடக்கிறது. அங்கே சரிவு அதிகம், மழை அதிகம், மண் மென்மையானது. ஆகவே அரிப்பு விரைவாக நடக்கிறது. பாதையில் சேறு கண்டால் நாம் சப்பாத்து நனையாமல் ஓரத்தால் நடக்கிறோம். பின்னால் வருபவரும் அவ்வாறே செய்கிறார். இப்படியே இரண்டடிப் பாதை இருபதடிப் பாதையாகிறது. வளைவில் சுற்றிப் போகாமல் குறுக்கே இறங்குகிறோம். அந்தக் குறுக்குவழி அடுத்த மழையில் நீர் பாயும் வழியாகிறது. அரிபட்ட மண் ஓடைக்குப் போகிறது. ஓடைக்குப் போன மண் கீழே நீர்த்தேக்கத்தின் அடியில் படிகிறது. தூர் நிறைந்த குளம் எவ்வளவு நீர் கொள்ளும் என்று கமக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை.

கால் விதையையும் கொண்டுபோகிறது. வடக்கில் நமது காணிகளில் பார்த்தீனியம் பரவியதை அறிவோம். சக்கரத்திலும் காலிலும் மண்ணோடும் அது வந்தது. ஹோட்டன் சமவெளியில் அத்தகைய ஒரு பகை, கோர்ஸ் எனப்படும் மஞ்சள் பூப் பூக்கும் முட்செடி. ஆங்கிலேயர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வேரோடு பிடுங்கினாலும் மறுபடி முளைக்கும். தொண்டர்கள் பலமுறை கூடிப் பிடுங்கியும் முற்றாக ஒழியவில்லை.

புறப்படும் முன்

நல்ல நடை வீட்டிலேயே தொடங்குகிறது. பயணத்தை ஒழுங்குசெய்யும் ஆசிரியரும் இளைஞர் தலைவர்களும் பின்வருவனவற்றைக் கவனிக்கவேண்டும்.

1. சோற்றைப் பொலித்தீன் தாளில் சுற்றாமல் வாழையிலையிலோ சாப்பாட்டுப் பெட்டியிலோ எடுத்துச் செல்வோம். பிஸ்கட், ரொபி முதலியவற்றின் உறைகளை வீட்டிலேயே நீக்கி ஒரு பெட்டியில் போட்டுக்கொள்வோம். பூங்கா வாயிலில் காவலர் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை அகற்றுவது வழக்கம். அதனை அவமதிப்பாக எண்ணவேண்டாம். சோதனைச் சாவடிகளில் நின்று நின்று அலுத்த நமக்குப் பையைத் திறப்பது கசப்பாக இருக்கலாம். ஆனால் இது ஆளைச் சந்தேகிக்கும் சோதனை அல்ல. மரையின் வயிற்றைக் காக்கும் சோதனை.

2. தண்ணீரை மீண்டும் நிரப்பக்கூடிய போத்தலில் கொண்டுசெல்வோம்.

3. சப்பாத்து, செருப்பு ஆகியவற்றின் அடியில் உள்ள மண்ணையும், காற்சட்டையில் ஒட்டிய விதைகளையும் புறப்படுமுன் தட்டிக் கழுவுவோம். திரும்பி வந்ததும் அவ்வாறே செய்வோம்.

4. குளிர்ச்சட்டையும் மழையங்கியும் கட்டாயம் வேண்டும். வெப்பமான ஊர்ப் பிள்ளைகள் மெல்லிய சட்டையோடு வந்து விறைத்துப்போவது உண்டு. சட்டை இல்லாத பிள்ளைக்குக் கடன் வாங்கியாவது கொடுக்கவேண்டும். கேட்கக் கூசும் பிள்ளைகளும் இருப்பர். ஆகவே ஆசிரியர் முன்னரே பார்த்து ஒழுங்குசெய்வது நன்று.

5. பெரிய கூட்டத்தைப் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் பொறுப்பாக நடக்கவேண்டும்.

6. பட்டிப்பொலவிலிருந்து ஒகிய நோக்கிப் போகும் வீதி பூங்காவுக்குள்ளாகவே செல்கிறது. விடியலிலும் மூடுபனியிலும் விலங்குகள் வீதியைக் கடக்கும். மெதுவாகச் செல்லவும் ஒலி எழுப்பாதிருக்கவும் சாரதியிடம் முன்கூட்டியே சொல்லிவைப்போம்.

பாதையில்

பாதையை விட்டு விலகவேண்டாம். சேறென்றாலும் பாதையின் நடுவாலேயே நடப்போம். சப்பாத்தைக் கழுவலாம், அரிபட்ட மலையைக் கட்டமுடியாது.

ஓடையில் சவர்க்காரம் போடவேண்டாம். பேக்கர் நீர்வீழ்ச்சியைக் கண்டதும் பிள்ளைகளுக்குக் குளிக்க ஆசை வரும். பாறை வழுக்கும், நீர் கடுங்குளிர். அதற்கும் மேலாக, அது கிணற்று வாய். சவர்க்கார நுரை சிற்றிறாலையும் அது உண்ணும் பாசியையும் கெடுக்கும். கீழே அகரப்பத்தனைப் பக்கத் தோட்டங்களில் நமது மலையக உறவுகள் வாழ்கிறார்கள். மேலிருந்து வரும் ஓடைகள் அவர்கள் வழியாகவே இறங்குகின்றன. சிறுநீர், மலங் கழிப்பதற்கு வாயிலருகே உள்ள மலசலகூடத்தைப் பயன்படுத்திவிட்டே நடக்கத் தொடங்கவேண்டும்.

மரைக்கு உணவு கொடுக்கவேண்டாம். வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் மரைகள் கையருகே வந்து முகர்ந்து பார்க்கும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் பாண் துண்டுக்குப் பழகிய மரை, பாண் மணக்கும் பொலித்தீனையும் விழுங்கும். அசைபோடும் விலங்கின் வயிற்றில் அது செரிக்காமல் தங்கி, உணவு போகும் வழியை அடைத்துக்கொள்ளும். குப்பைமேட்டில் பொலித்தீன் தின்ற பசு வயிறு ஊதிச் செத்ததைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல.

பூவைப் பறிக்கவேண்டாம். சிங்களத்தில் நெலு என்று அழைக்கப்படும் செடிகள் இங்கே உண்டு. தமிழர் குறிஞ்சி என்று சொல்லும் இனம்தான் அது. இதில் சில வகைகள் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும். பூத்துக் காய்த்து விதை உதிர்த்தபின் செடி மடிந்துவிடும். 2013இல் இச்சமவெளியில் அவை பெருமளவில் பூத்தன. அப்பூவைப் பறிப்பது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது போன்றது. பசித்தவன்கூட விதைநெல்லில் கைவைக்கத் தயங்குவான். படம் எடுப்பதற்காகப் பறிப்பதை என்னவென்பது?

தீ மூட்டவேண்டாம். கோடையில் காய்ந்த புல்வெளி ஒரு சிகரெட் துண்டில் பற்றிக்கொள்ளும். மேட்டுநிலத்துக் காற்றில் அதனை அணைப்பது மிகக் கடினம்.

சத்தம் போடவேண்டாம். பாட்டும் மேளமும் பஸ்ஸுக்குள் நன்று. காட்டுக்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்துவோம். சாவு வீட்டுக்கும் பிள்ளை பிறந்த வீட்டுக்கும் போகும்போது யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்துகிறோம் அல்லவா? பிறர் வீட்டுக்குள் போகும் மரியாதை அது.

நினைவுக்காகக் கல்லையோ செடியையோ எடுக்கவேண்டாம். மரத்திலும் பாறையிலும் பெயர் எழுதவேண்டாம். திரும்பிப் போன வீட்டின் சுவரில் அந்நியர் பெயர்களைக் கண்டவர்கள், அந்த எழுத்து எவ்வளவு நோகும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

விளிம்பில் கவனம்

உலக முடிவில் நிற்கும்போது ஒரு பேச்சுக்கும் இடமில்லாத ஒழுங்கு வேண்டும். மூடுபனியில் விளிம்பு எது, வெளி எது என்று தெரியாது. ஈரப் பாறை வழுக்கும். 2015இல் ஒல்லாந்து நாட்டவர் ஒருவர் தம் மனைவியைப் படம் எடுக்கப் பின்னோக்கிக் கால் வைத்தபோது விழுந்தார். சுமார் 40 மீற்றர் கீழே மரமொன்றில் தங்கியதால் உயிர் தப்பினார். படையினர் இறங்கி மேலே கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் மரம் கிடைப்பதில்லை.

ஆகவே தடுப்பைத் தாண்டக்கூடாது. விளிம்பருகே ஒருவரையொருவர் தள்ளி விளையாடக்கூடாது. கைத்தொலைபேசியில் தம்மைத் தாமே படம் எடுப்பவர் பள்ளத்துக்கு முதுகு காட்டக்கூடாது. சிறுபிள்ளையின் கையை ஒரு பெரியவர் பிடித்திருக்கவேண்டும். எதனையும் கீழே எறியக்கூடாது. கீழே உலகம் முடிவதில்லை. அங்கே நன்பரீல் தோட்டமும் அதற்கப்பால் ஊர்களும் இருக்கின்றன.

நமது காட்டுக்கும் இதே முறை

இவ்வளவும் ஒருநாள் பயணத்துக்காக மட்டும் அல்ல. மாரிகாலத்துக்குப் பின் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகிறவர்களும் உண்டு. 2,243 மீற்றர் உயரமான அந்த மலையும் காடு போர்த்த நீர் ஊற்றுத்தான். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாதப் பௌர்ணமி வரை எல்லாச் சமயத்தவரும் ஏறும் அப்படிகளின் ஓரத்தில் சேரும் போத்தல்களும் மழையோடு ஆற்றுக்கே இறங்கும். அங்கும் இதே முறைகள் பொருந்தும்.

நாம் இன்று குடியிருக்கும் இடத்தின் பின்னால் உள்ள காட்டுக்கும் அவை பொருந்தும். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். வேறு வழியின்றி விறகுக்காகக் காட்டுக்குள் போகும் தாயையும், பொழுதுபோக்குக்காகக் காட்டைக் கெடுப்பவரையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. அடுப்பெரியாமல் பிள்ளைகள் உண்ணமுடியாது. ஆனால் அத்தாய்க்கே இது நன்கு தெரியும்: நிற்கும் மரத்தை வெட்டினால் அடுத்த ஆண்டு இன்னும் ஒரு மைல் நடக்கவேண்டும். காய்ந்து விழுந்ததைப் பொறுக்குவது, குளத்துக்கு மேலுள்ள மரங்களைத் தொடாமல் விடுவது, வேலிக்குச் சீமைக்கிளுவை நட்டு அதன் கதியால்களை விறகுக்கு எடுப்பது ஆகியன நாம் கூடிப் பேசி முடிவுசெய்யக்கூடியவை. தற்காலிகமாக இருக்கிறோம், நாளை போய்விடுவோம் என்ற எண்ணத்தில் நிலத்தைக் கவனியாமல் விடுவது எளிது. பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்று அந்தத் தற்காலிகம் நீண்டதையும் கண்டிருக்கிறோம். நமக்குப் பின்னர் அந்த இடத்தில் வாழப்போகிறவர்களும் நம்மைப் போன்ற கமக்காரர்களே.

பிள்ளைகள் மலைக்குப் போய் வந்ததும் அவர்களிடம் இரண்டு கேள்வி கேட்போம். என்ன கண்டீர்கள்? எதை அங்கே விட்டு வந்தீர்கள்? இரண்டாவது கேள்விக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லும் பிள்ளை நன்றாக நடந்து வந்திருக்கிறது.

கலந்துரையாடலுக்கு

1. நமது சொந்த ஊரின் குளத்துக்கு அல்லது கிணற்றுக்கு நீர் எந்தத் திசையிலிருந்து வந்தது? அதற்கு மேலே காடு இருந்ததா? இப்போது இருக்கிறதா? பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

2. நாம் இல்லாத காலத்தில் நமது வளவில் நடந்தவற்றுள் எவை பகையால் நடந்தன, எவை கவனமின்மையால் நடந்தன? காட்டில் நாம் செய்பவற்றுள் எவை கவனமின்மையால் நடக்கின்றன?

3. நாம் இப்போது வாழும் இடத்தில் கால்பட்டு அரிபட்ட வழி ஒன்று இருக்கிறதா? அதனை எப்படி மறிக்கலாம்?

செய்து பார்க்க

ஒரே அளவான இரண்டு பழைய தகரப் பேணிகளின் இரு பக்கத்தையும் வெட்டிக் குழாய்போல் ஆக்கி, ஒன்றைப் பலர் நடக்கும் பாதையிலும் மற்றதை மரநிழலில் இலை உக்கிய மண்ணிலும் சிறிது ஆழம் பதியுங்கள். வெட்டிய விளிம்பு கையை வெட்டும், ஆகையால் பெரியவர்களே இதனைச் செய்யட்டும். இரண்டிலும் ஒரு கோப்பை நீர் ஊற்றி, அது உள்ளே இறங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பிள்ளைகள் எண்ணட்டும். மலைக்காடு என்ன செய்கிறது, நமது கால் என்ன செய்கிறது என்பதை அந்த இரண்டு பேணிகளும் சொல்லிவிடும்.